சோம்பான் என்று ஒரு சொல்

உடும்பஞ்சோலைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், மூடுபனி இறங்குகிற மாதங்களில் மத்தியானமும் விடியற்காலை மாதிரியே இருக்கும். பக்கத்தில் நிற்பவளின் முகம் தெரியாது, சேலையின் நிறம் மட்டும் மங்கலாகத் தெரியும். அங்கே ஆளைக் காதால்தான் அறிவோம். இருமல், வளையல் சத்தம், ஈர மண்ணில் கால் அழுந்துகிற விதம், இவற்றை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவோம். நான் எழுதப்போவது ஒரு குரலைப் பற்றி. அதற்கு எங்கள் தோட்டத்தார் வைத்த பெயர் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. சீனத்து ஆசாரி ஒருவர் கொண்டுவந்த பாட்டுக்காரர் வார்த்தை அது. எங்களிடம் வந்து முதலில் வேடிக்கைப் பேச்சாக இருந்தது. பிறகு அதைச் சொல்லவே பயந்தோம்.

என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறிய வேதக்கோவிலில் உபதேசியாராக இருந்தார். அதனால் எனக்கு எழுத்தும் ஞானப்பாட்டும் சிறுவயதிலேயே வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஃபேக்டரியில் இஞ்சின் ஓட்டினார். கல்யாணம் முடிந்த கையோடு போடிமெட்டு வழியாக மலை ஏறி வந்தோம். அவருடைய தங்கையும் எங்களோடு வந்தாள். அவள் புருஷன் இலங்கைக்குப் போய் நெடுநாளாகத் தகவல் இல்லை. என் நாத்தனார் கொழுந்து எடுக்கிற கூட்டத்தில் சேர்ந்தாள், நான் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில் சேர்ந்தேன்.

சலிப்பு அறைக்கும் பெட்டி அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு ஒன்றுதான். அந்தப் பக்கம் சீனத்து ஆசாரி தேயிலைப் பெட்டி அடிப்பார். துரை அவரைக் கல்கத்தாவிலிருந்து வரவழைத்திருந்தார். ஒல்லியான ஆள், என் வீட்டுக்காரரைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். நீலச் சட்டை ஒன்றுதான் எப்போதும் போட்டிருப்பார். பலகையைத் தட்டிப் பார்த்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஆணி அடிப்பார். எங்கள் எல்லோரையும் அக்கா என்றே கூப்பிடுவார். பாவாடை கட்டிய பிள்ளைகளும் அவருக்கு அக்காதான். முதலில் சிரித்தோம், அப்புறம் அது பிடித்துப்போய் யாரும் திருத்தவில்லை.

அவர் கற்றுக்கொண்ட தமிழ் எங்கள் அறையிலிருந்து தடுப்பின் இடுக்கு வழியாகப் போன தமிழ். அந்த வழியாகவே அவருடைய வார்த்தைகளும் எங்கள் பக்கம் வந்தன. ஆணி வளைந்தால், பெட்டி மூலை பிளந்தால், யாராவது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால், “சோங்பான்” என்பார். எங்கள் வாயில் அது சோம்பானாகிவிட்டது. சல்லடையைக் கவிழ்த்தவளைப் பார்த்து, “அவ சோம்பான் அடிச்சிட்டா” என்போம். சாயங்காலத்துக்குள் அது நாங்கள் குடியிருந்த லயங்களுக்குப் போய்விடும். சோறு குழைந்தால் சோம்பான், பிள்ளை தடுக்கி விழுந்தால் சோம்பான் என்று எல்லாவற்றுக்கும் ஆயிற்று.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அவரிடமே அர்த்தம் கேட்டார். ஆசாரி தம் உளிப்பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு கட்டைகளை எடுத்தார். கருத்த, கனமான மரம். ஒன்றை ஒன்று தட்டினால் வருகிற சத்தம் காதுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. கல்கத்தாவில் அவருடைய ஆட்கள் திருவிழாவுக்கு மூங்கில் பந்தல் போட்டு நாடகம் ஆடுவார்களாம். அதில் பலகை தட்டித் தாளம் சொல்கிற வேலை அவருக்கு. பாடுகிறவன் பலகை விழுகிற இடம் பார்த்து வாயைத் திறக்க வேண்டும். இடம் தெரியாமல் திறந்தால் பாட்டு போய்ப் பலகையில் மோதிக்கொள்ளும். மோதுவது சோங், பலகை பான். பாட்டுக்காரர்கள் சொன்னதை ஊரார் எடுத்துக்கொண்டார்களாம். யார் எதில் போய் முட்டிக்கொண்டாலும் அவர்கள் ஊரில் அதுதான் பேச்சாம். இதையெல்லாம் பாதி கையாலும் பாதி வாயாலும் சொல்லி முடித்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயதில் பக்கத்து ஊர் அம்மன் கொடைக்கு நையாண்டி மேளம் கேட்க ஓடி, வேதக்கோவில் பிள்ளை இப்படி ஓடலாமா என்று அடி வாங்கியவர் அவர். நாங்களும் தாளம் தப்பிவிட்டது என்று இப்படித்தான் சொல்லுவோம் என்றார். குடித்துவிட்டு வருகிறவனுக்குச் சுதி ஏறிவிட்டது என்பதையும், பெரிய கிளார்க் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை ஒத்து ஊதுகிறான் என்பதையும் விளக்கினார். நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு நிற்கிறவனைப் போல நடித்தும் காட்டினார். ஆசாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதிலுக்கு அவர் இன்னொரு வார்த்தை கொடுத்தார். பாட்டு, எழுதிவைத்த ஏட்டை விட்டு எங்கேயோ போய்விட்டால் அது லேய்போவாம். ஊரில் நடக்காத அநியாயத்துக்கெல்லாம் அந்தப் பெயர். இந்த வார்த்தையால் ஒரு சண்டையே வந்தது. மழையில் நனைந்த பலகைகளைக் கொண்டுவந்து இறக்கிய கூலியாள் முன்னால் அவர் தம் தலையில் கைவைத்து லேய்போ என்று சொல்ல, தன்னைத்தான் “லே, போ” என்று விரட்டுகிறார் என்று அவன் மல்லுக்கு நின்றான்.

அந்த ஆண்டு தென்மேற்கு மழை முடிந்து பனி இறங்கிய பிறகுதான் அது தொடங்கியது.

கொழுந்து எடுக்கிற கூட்டம் எடை போடுவதற்கு ஃபேக்டரிக்கு மேலேயுள்ள பாதை வழியாக வரும். வரும்போது பாடிக்கொண்டே வருவார்கள். என் நாத்தனார் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கிச் சேர்ந்து பாடுவார்கள். அவளுடைய குரல் மெலிசு, ஆனால் பனிக்குள் வெகுதூரம் போகும். அன்று பாட்டு பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் சுத்தியல் நின்றது. ஆசாரி வாசலில் வந்து நின்றார். பாட்டு எடைக்களத்தை அடைந்து ஓய்ந்தது. அவர் நகரவில்லை.

“என்னண்ணே, ஏன் நின்னுட்டிய?” என்று கேட்டேன்.

“அக்கா, பாட்டு நல்லா இருக்கு. ஒரு வாய் மட்டும் சோங்பான்.”

யாரோ புதுப்பெண்ணாக இருக்கும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அவர் வாசலுக்கு வந்தார். அதற்கடுத்த நாள் நானும் சல்லடையை வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

எல்லோரும் அடியை முடித்தார்கள். முடித்த பிறகு, ஒருத்தி மட்டும் அந்தக் கடைசிச் சொல்லின் வாலை இழுத்து முடித்தாள். ஒரு மூச்சுக்கும் குறைவான பிந்தல்தான். அடுத்த அடியிலும் அதே பிந்தல். அடுத்ததிலும் அப்படித்தான். பழகாத பெண் என்றால் சில இடத்தில் முந்துவாள், சில இடத்தில் பிந்துவாள். இது எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பிந்தியது. எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. பனி என்று நினைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துப் போர்த்தினேன்.

வீட்டில் நாத்தனாரிடம் கேட்டபோது அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தனக்கும் கேட்கிறது என்றாள். பனி இறங்கிய நாளிலிருந்தே கேட்கிறதாம். கூட்டத்தில் யார் என்று பார்க்க, பாடிக்கொண்டே ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் நின்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போனால் ஒவ்வொருத்தியும் சரியாகத்தான் பாடுகிறாள். விலகி வந்தால் பிந்துகிற குரல் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே பாறை இருக்கிறது, அதில் மோதித் திரும்புகிறது, அவ்வளவுதான் என்றார். எங்கள் இரண்டு பேரையும் பாதைக்கு அழைத்துப் போய்க் கையை வாயருகில் குவித்துக் கத்திக் காட்டினார். பாறை திருப்பிச் சொன்னது. எட்டத்திலிருந்து, உடைந்து, எங்களுக்கு வலது பக்கமாக வந்தது. அவர் எங்களைப் பார்த்தார்.

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: “அது இப்பிடி வரலண்ணே. எங்களுக்கு நடுவுல நின்னு வருது.”

அப்புறம் கொஞ்சநாளில் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. கேட்டதா, ஒருத்தி சொல்லி மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்களா என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிந்தி வருகிற குரலுக்குச் சோம்பான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாளம் தப்புவதற்குத்தானே அந்த வார்த்தை, பொருத்தமாகவே இருந்தது. போதாததற்குச் சோம்பல் என்கிற எங்கள் சொல்லும் அதில் ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிந்ததும், “என்னட்டி சோம்பான், இப்பத்தான் வாரியா?” என்று பனியைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியும் பார்த்திருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் கூடையைக்கூட இறக்கவில்லை. என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

“மைனி, முன்னால அது கடைசிச் சொல்ல மட்டுந்தான் இழுத்துக்கிட்டு வந்துச்சு. இப்ப முழு அடியும் சொல்லுது. படிச்சுக்கிட்டு வருது மைனி.”

அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. எங்கள் ஊர்க் கோவிலில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் பாஷை தெரியாமலே தமிழ் ஜெபத்தை மனப்பாடம் செய்து சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும், ஆனால் சொல்லுக்குள்ளே ஆள் இருக்க மாட்டார். நாத்தனார் அந்தக் குரலைப் போலச் செய்து காட்டியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நிறுத்து என்று அவள் வாயைப் பொத்தினேன்.

மறுநாள் அவள் பாடவில்லை. அவள் எடுத்துக் கொடுக்காததால் மற்றவர்களும் பாடவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் பாதையில் இறங்கி வந்தது. பாட்டு கேட்பதைவிட அது மோசமாக இருந்தது. சல்லடை ஆட்டுகிறவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, என்னவோ வரப்போகிறது என்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். காலடிகள் மட்டும் வந்தன. எடைக்களத்தில் எல்லாக் காலடிகளும் நின்ற பிறகு இன்னும் ஒன்று நடந்து வந்து நின்றதாக எங்கள் அறைப் பெண் ஒருத்தி சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டு நின்றதும் கை நின்றது. கொழுந்து முற்றத் தொடங்கியது. பெரிய கங்காணி கம்பளிக்கோட்டும் தடியுமாக மலைக்குப் போய், வாயைத் திறந்து பாடினால்தான் வேலை நடக்கும் என்று பெண்களை அதட்டினார். பயந்துகொண்டே பாடியிருக்கிறார்கள். இந்தத் தடவை அது பக்கத்தில் கேட்டதாம். ஒரு பெண் கூடையோடு ஓடி, வடிகாலில் விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டாள். அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தபோது பெண்கள் யாரும் அழவில்லை. எல்லோரும் வாயை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த நாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கூட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டது. மலைக்குப் போகமாட்டோம் என்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், வந்துவிட்டது, அந்தப் பெயரைக் கொண்டுவந்தது சீனத்து ஆசாரி, அவரை மலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு திரும்பியது. இரண்டொரு குடும்பம் ராவோடு ராவாகப் போடிக்கு இறங்கிவிட்டதும் கங்காணிக்கும் அதுதான் சௌகரியமாகப் பட்டது. துரையிடம் போய்ச் சொன்னார். துரை சிரித்துவிட்டு, பெட்டிகள் முடியாமல் யாரும் எங்கும் போகவேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டாராம். ஆனால் லயத்தில் ஆசாரிக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறவள் நின்றுவிட்டாள். அவர் நடந்து போனால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நேற்றுவரை அக்கா அக்கா என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான் சாத்தினார்கள்.

நான்தான் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எலும்பு முறிந்த பெண்ணைப் பற்றிச் சொன்னபோது முகம் சுருங்கியது. குரல் சொற்களைக் கற்றுக்கொண்டு வருகிறது என்று நாத்தனார் சொன்னதைச் சொன்னேன். அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். அவர்கள் நாடகத்தில் புதிதாக வருகிறவன் பலகையில் மோதினால் யாரும் திட்டுவதில்லையாம். பலகை தட்டுகிறவர் தாளத்தை மெதுவாக்கி, அவன் உள்ளே வருவதற்கு இடம் விடுவாராம். இதை அவர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என்ன செய்யப்போகிறார் என்பது புரிந்துவிட்டது.

பாய்லர் கழுவுவதற்காக இஞ்சினை நிறுத்துகிற நாள் வந்தது. அன்று முற்பகல் அவர் கட்டைகளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். என் வீட்டுக்காரரும் நானும் கூடப் போனோம். கங்காணியும் வந்தார். பெண்களைச் சம்மதிக்க வைத்தது நாத்தனார்தான். இதைச் செய்யாவிட்டால் இனி எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவர்களிடம் சொன்னாளாம்.

இயந்திரச் சத்தம் இல்லாத அந்த மலையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பனி செடிகளுக்கு மேல் படுத்திருந்தது. பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள், இடுப்புக்குக் கீழே யாருக்கும் உடம்பு தெரியவில்லை. ஆசாரி நாத்தனார் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, நீ பாடு. மெதுவா. நான் பலகை. வர்ற ஆளுக்கு இடம் விடணும்.”

கட்டை விழுந்தது. நாத்தனார் முதல் அடியை எடுத்தாள். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். முடித்தார்கள். முடித்த இடத்துக்கு அப்பால் அது வந்தது.

இவ்வளவு பக்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. கிழவியின் குரல் இல்லை, சிறுபெண்ணின் குரலும் இல்லை. முழு அடியையும் ஒரு சொல் விடாமல் சொன்னது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார். அவர் கை கனத்தது. பாறை இருந்த பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆசாரி தாளத்தைக் குறைத்தார். அடுத்த அடி இழுபட்டு வந்தது. குரல் இன்னும் பிந்தித்தான் வந்தது, ஆனால் இடைவெளி குறைந்திருந்தது. அவர் இன்னும் குறைத்தார். கொழுந்து எடுக்கிறவர்களின் துள்ளல் பாட்டு அது. இப்போது சாவு வீட்டில் கேட்கிற பாட்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு போதாமல் பெண்கள் தவித்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆசாரி மட்டும் கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, பெட்டிப் பலகையைக் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தார். குரல் நெருங்கியது. ஒரு அடியில் கடைசி எழுத்து மட்டும் பிந்தியது. அடுத்ததில் அதுவும் இல்லை. எல்லோரும் ஒன்றாக முடித்தார்கள்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் சில அடிகள் தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டு நன்றாக இருந்தது. அதுவரை அந்தக் கூட்டம் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. பிசிறில்லாமல், நிறைந்து, அடியில் கனமாக இருந்தது. பிறகு கட்டைகளை இறக்கினார். பாட்டு நின்றது. நின்ற பிறகு எதுவும் வரவில்லை. பெண்களில் ஒருத்தி சத்தமாக அழத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கங்காணி தலைப்பாகையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் மட்டும் திரும்பி, வரிசையில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வரும்போது என் வீட்டுக்காரர், “போயிட்டுதா?” என்று கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

ஆசாரி கட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே நடந்தார். “போகல. இப்ப சரியா பாடுது. தாளத்துல வந்துட்டா, எது யார் வாய்னு தெரியாது.”

நல்லவேளை, பெண்கள் இதைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டம் மறுநாளே மலைக்குப் போனது, பாடியது, கொழுந்து நிறைந்தது. ஆசாரிக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறவள் திரும்பி வந்தாள். கதவுகள் திறந்தன. சிலர் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு குறைந்துவிட்டது. அதன்பின் சோங்பான் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. ஆணி வளைந்தால் பேசாமல் பிடுங்கிப்போட்டு வேறு ஆணி எடுத்தார்.

நாத்தனார் அந்த வாரமே கூட்டத்தை விட்டு விலகினாள். காரணம் கேட்டதற்கு இடுப்பு வலி என்றாள். என் வீட்டுக்காரர் பெரிய கிளார்க்கிடம் சொல்லி அவளைச் சலிப்பு அறைக்கு மாற்றிவிட்டார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கினாள். மேல்பாதையில் பாட்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். அவள் இடத்தில் வேறொருத்தி அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெகுநாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அவளாகவே சொன்னாள்.

“அன்னைக்குக் கடைசி அடிகள நான் எடுக்கல மைனி. நான் வாயத் தொறக்க முன்னாலயே அது எடுத்துட்டுது. எல்லாரும் அது பின்னாலதான் போனோம். நானுந்தான் போனேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தேன். அடுத்த ஆண்டு அவள் புருஷனிடமிருந்து ஒரு ஆள் மூலமாகத் தகவல் வந்தது. இலங்கைக்குப் போய்ப் புருஷனோடு சேர்ந்தாள். நல்லபடியாகப் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் கோவிலில் என் பக்கத்தில் நிற்பாள். ஞானப்பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது.

ஆசாரி இன்னும் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு கப்பலில் ஒட்டுப்பலகை வந்து இறங்கத் தொடங்கியது. அளவாக அறுத்து, கட்டுக்கட்டாக வரும், யார் வேண்டுமானாலும் மூட்டிவிடலாம். ஆசாரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. உளிப்பெட்டியைத் தலைச்சுமைக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போடிமெட்டுப் பாதையில் இறங்கினார். என் வீட்டுக்காரர் பாதிவழி கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். அவர்கள் வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கல்கத்தா போய்ச் சேர்ந்தாரா, அவருடைய ஊருக்கே போய்விட்டாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அந்தச் சொல் தன்பாட்டுக்கு வளர்ந்தது. தடுக்கி விழுந்தால் சோம்பான் என்று சொல்கிற வழக்கம் நின்றுவிட்டது. அழுகிற பிள்ளையைச் சோம்பான் வருது என்று பயங்காட்டி அடக்கினார்கள். மலைச்சரிவின் அடியில் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். புதிதாக வந்த கங்காணி, வேலையில் சோம்புகிற பெண்களைப் பிடிக்கிற பேய் அது, அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாட்டுக்கும் பலகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் வண்டன்மேட்டுக்கு மகனிடம் வந்துவிட்டேன். அவனுக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஏலக்காடு. வந்த புதிதில் காய் எடுக்கிற பெண்களின் பாட்டைக் கேட்டேன். வேறு பாட்டு, வேறு மெட்டு. ஆனால் ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார்கள். தண்ணீர் கேட்டு வந்த ஒரு சின்னப் பெண்ணிடம், ஏன் அப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் பாடுவார்கள் என்றாள். நான் விடவில்லை.

“சோம்பானுக்கு விடுறது, பெரியம்மா. விடாட்டா அது நம்ம இடத்துல வந்திரும்னு சொல்லுவாக.”

அவள் எங்கள் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. போடிப் பக்கத்திலிருந்து வந்தவள். நான் அவளிடம், அது சீனத்து வார்த்தை, தாளம் தப்பினால் அப்படிச் சொல்வார்கள், அதைச் சொன்ன மனுஷரை எனக்குத் தெரியும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சீனத்தார் இந்த மலைக்கு எதற்கு வருகிறார்கள் என்று சிரித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே மகனிடம் சொல்லி என் கட்டிலை முன்பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னேன். பின்பக்கத்து அறையில்தான் நல்ல வெளிச்சம், அங்கே என்ன குறை என்று கேட்டான். குளிராக இருக்கிறது என்றேன். முன்பக்கம் வண்டிப்பாதை. அங்கே நாள் முழுக்க மாட்டு வண்டிச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.